பிள்ளைகளையும் வயதானவர்களையும் குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி, 2025 ஜனவரி 8

பொங்கல் முடிந்து ராமேஸ்வரம் வருகிறோம். எட்டு வயது மகளும் முழங்கால் வலி உள்ள மாமியாரும் உடன் வருகிறார்கள். தரிசனம் போக ஒரு முழு நாள் மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் விலங்குப் பூங்கா ஏதாவது உண்டா? குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறார்கள் என்கிறார்கள். அங்கே வெறும் மணல்தான் என்றும் ஒருவர் சொன்னார். போகலாமா?

2025 ஜனவரி 9

கூண்டும் கம்பிவேலியும் போட்ட பூங்கா எங்கள் கரையில் கிடையாது. இங்கே கடல்தான் பூங்கா. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும், அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். குருசடை அந்த 21 தீவுகளில் ஒன்று. வெறும் மணல் என்று சொன்னவர் அங்கே போய்க் குனிந்து பார்த்திருக்க மாட்டார்.

19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாங்களே போகிறோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு 72 வயது, அவருக்கும் முழங்கால் வலி உண்டு. இளவயதில் அவர் கடற்பாசி எடுக்கப் போன தீவுகளில் குருசடையும் ஒன்று. போய்வந்து எழுதுகிறேன்.

2025 ஜனவரி 20

போய்வந்தோம். கைகால் வலியோடு எழுதுகிறேன், ஆனால் மனம் நிறைந்திருக்கிறது.

பாம்பனைத் தாண்டிக் குந்துகால் துறைக்குப் போனால் விவேகானந்தர் மண்டபம் தெரியும். அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது 1897 ஜனவரியில் அவர் கரையிறங்கிய இடம். அங்கிருந்துதான் படகு. தீவு கண்ணுக்கெதிரே கிடக்கிறது, பயணம் கொஞ்ச நேரம்தான். காலையில் கடல் தகடுபோல இருந்தது. தண்ணீருக்கு அடியில் கடற்புல் தெரிந்தது, புல்லுக்கு நடுவே மஞ்சள் வரி போட்ட சின்ன மீன்கள். சின்னவன் எழுந்து நின்றுவிட்டான், மனைவி அவன் சட்டையைப் பிடித்தபடியே வந்தார்.

அம்மாவுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதே தண்ணீரில் இருபது வருடம் மூச்சடக்கி மூழ்கியவர். சேலைக்கு மேல் ஒரு சட்டை, விரல்களில் சுற்றிய கந்தல் துணி, காலில் செருப்போடு சேர்த்துக் கட்டிய தகடு, இடுப்பில் வலைப்பை. அவருடைய சாமான் அவ்வளவுதான். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுத்தால் விரல் கிழியும், அதற்காகத்தான் துணி. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இனம் பிரித்துக் கரையில் காயவைத்து விற்றார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேரும் அகர் மரிக்கொழுந்திலிருந்து வருகிறது என்பதை என் மகளுக்கு இந்தப் பயணத்தில்தான் சொன்னேன். அவள் அப்பத்தாவின் விரல்களை எடுத்துப் பார்த்தாள்.

தீவில் இறங்கியதும் வழிகாட்டி, நல்ல இளைஞர், பவளப்பாறைத் துண்டுகளைக் காட்டினார். உயிருள்ள பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை, ஆயிரக்கணக்கான சின்ன விலங்குகள் சேர்ந்து கட்டிய வீடு என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னார். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கல்பவளங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். சின்னவன் மூளைபோல மடிப்பு மடிப்பாக இருந்த ஒரு துண்டைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னார்கள். செத்த பவளமாக இருந்தாலும் தீவை விட்டு எடுத்துப்போகக் கூடாது. அவன் அழுதான். அப்புறம் அந்த மடிப்புக்குள்ளிருந்து ஒரு சின்ன நண்டு எட்டிப் பார்த்ததும், "வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்" என்று அவனே ஓடிப்போய் வைத்துவிட்டு வந்தான்.

அம்மா எங்களோடு நடக்கவில்லை. கரையோரம் நின்று தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு கொத்துப் பாசியை எடுத்தார். தடித்துக் கிளைகிளையாக, வழவழப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். நகத்தால் ஒடித்துப் பார்த்தார். "இது நம் பாசி இல்லை" என்றார். வழிகாட்டி திரும்பிப் பார்த்து, "எப்படி அம்மா கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். "இருபது வருடம் இதைத்தானே தொட்டேன். தொட்டால் தெரியாதா?" என்றார் அம்மா. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மாலையில் தனுஷ்கோடி சாலையில் கோதண்டராமர் கோயில் பக்கம் நிறுத்தினோம். காயலில் நூற்றுக்கணக்கான செங்கால் நாரைகள். மகள் எண்ணத் தொடங்கி 340இல் விட்டுவிட்டாள்.

2025 ஜனவரி 20, இரவு

ஒரு திருத்தம். காயலில் நாங்கள் பார்த்தது செங்கால் நாரை அல்ல, பூநாரை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. செங்கால் நாரை வேறு பறவை, வெள்ளை உடம்பும் கறுப்புச் சிறகும் நேரான சிவந்த அலகும் உடையது. பூநாரையின் அலகு நடுவில் வளைந்திருக்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, சேற்றை உறிஞ்சி வடிகட்டித் தின்னும். இளஞ்சிவப்பு அது தின்னும் பாசியிலிருந்தும் கூனிப்பொடியிலிருந்தும் ஏறுகிற நிறம். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். கூட்டத்தில் சில அழுக்குச் சாம்பலாக நின்றதை மகள் கவனித்து, "நோயாளிகளா அப்பா?" என்று கேட்டாள். இளம் பறவைகள் என்று இன்றுதான் அவளுக்குப் பதில் சொன்னேன்.

2025 ஜனவரி 22

முந்தாநாள் எழுதியதில் ஒன்றை விட்டிருந்தேன். மறந்து விட்டதல்ல. எழுதத் தயங்கினேன்.

படகில் வழிகாட்டி கடற்புல்லைக் காட்டி, "இதுதான் கடல் பசுவின் மேய்ச்சல் நிலம்" என்றார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அம்மா சொன்னார்: "ஆவுளியா." சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரும், மூக்கை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போய்விடும். புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும், தின்ற இடத்தில் மாட்டுவண்டித் தடம்போல நீளமாகத் தரை தெரியும். முலை கைக்கு அடியில் இருக்கும், மனுசிக்கு இருப்பதுபோல. அவ்வளவையும் சொல்லி முடித்து, "கறி மாட்டுக்கறி போல இருக்கும். கூறு போட்டால் ஊர் முழுவதும் வாங்கும்" என்றார்.

மகளின் முகம் மாறிவிட்டது. "அப்பத்தா, நீங்கள் தின்றீர்களா?" நான் அவசரமாக, "அம்மா, போதும்" என்றேன். படகில் வேறு குடும்பமும் இருந்தது, வழிகாட்டியும் இருந்தார், எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அம்மா அப்படியே நிறுத்திக்கொண்டார். அப்போது வழிகாட்டிதான் சொன்னார்: "சொல்லட்டும் அண்ணே. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தை இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் படகில் ஆவுளியாவை உயிரோடு பக்கத்தில் பார்த்தவர் அம்மா ஒருவர்தான். அவர் வாயைத்தான் நான் மூடினேன்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அம்மாவுக்கு 19 வயது. அதற்கு முன்னால் ஆவுளியாவும் ஆமையும் இந்தக் கரையின் சந்தையில் மீனைப்போலவே விற்ற சரக்கு. இன்று ஆவுளியா அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்புள்ள விலங்கு, பிடித்தால் சிறை. சட்டம் சரி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பல வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடுகிற விலங்கு அது, ஒரு வருடத்துக்கும் மேல் வயிற்றில் சுமக்கிறது. ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்பப் பத்து வருடம் ஆகலாம்.

2025 ஜனவரி 22, சற்று நேரம் கழித்து

"உங்கள் அம்மாவுக்குக் குற்ற உணர்வு இல்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியில் கோபம் தெரிகிறது. கோபத்தைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நேற்று இரவு மகள் அவரிடம் நேராகவே கேட்டாள். அம்மா ஒரு நாளைச் சொன்னார். வலையில் மாட்டிய தாயைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். குட்டி படகுக்குப் பின்னாலேயே கழுத்தளவுத் தண்ணீர் வரைக்கும் வந்து நின்றது. இருட்டும்வரை போகவில்லை. "அன்றைக்கு எங்கள் வீட்டில் கறி வாங்கவில்லை. மறுமுறை வந்தபோது வாங்கினோம்" என்றார். இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். மகள் வெகுநேரம் அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

2025 பிப்ரவரி 3

சின்னச் செய்தி, பெரிய மகிழ்ச்சி. எங்கள் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டு கண்மாய்களும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலேயே சேர்ந்தவை. நீங்கள் ராமநாதபுரம் வழியாக வந்தால் சக்கரக்கோட்டைக் கண்மாய் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. பேருந்திலிருந்து பார்த்தால் ஒரு கண்மாய், அவ்வளவுதான். இறங்கி நின்றால் நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் குடியிருக்கும் ஊர். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் மட்டும் போங்கள். கண்மாய் வறண்டால் பறவை வராது.

2025 பிப்ரவரி 16

அம்மா கையில் எடுத்த பாசியைப் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன்.

அதன் பெயர் கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துக் கடல்களின் பாசி. மண்டபம் கரையில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள். ஒரு துண்டு ஒடிந்து மிதந்துபோனாலும் போன இடத்தில் முளைத்துவிடும். 2008 வாக்கிலேயே குருசடைப் பவளங்களின் மேல் அது பாய்போலப் படர்ந்து வெளிச்சத்தை மறைத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளத்துக்குள் ஒரு நுண்பாசி குடியிருந்து வெயிலில் சமைத்துத் தருகிறது. வெளிச்சம் போனால் பவளத்துக்குச் சோறு இல்லை.

இதில் எனக்கு ஒரு பக்கமாகப் பேச முடியவில்லை. அந்த மிதவைகளில் வேலை செய்கிறவர்களும் எங்கள் பெண்கள்தான். தீவுக்குப் போய் மூழ்கிப் பாசி எடுப்பதைவிட இடுப்பளவுத் தண்ணீரில் மிதவை கட்டுவது எளிது, உயிருக்கும் ஆபத்து குறைவு. தீவுகள் பூங்காவான பிறகு இயற்கைப் பாசிக்குப் போன பெண்கள் திருடர்களைப்போல ஓட வேண்டியிருந்தது. ஒருமுறை அம்மாவின் மூட்டையைப் பிடுங்கிக் கடலிலேயே கொட்டிவிட்டார்கள். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எனக்கே நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

பவளத்தைக் காக்க வேண்டும் என்பதை யாரும் அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறை செத்தால் மரிக்கொழுந்தும் செத்தது என்பது பாசிக்காரப் பெண்களுக்குத் தெரியும். வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுக்க வேண்டும், எடுத்த பாறைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு விட வேண்டும் என்று அவர்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். குந்துகாலை ஒட்டிய சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசிக்காரப் பெண் லட்சுமிக்கு 2015இல் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது அமெரிக்காவில் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளிதழ் பக்கத்தை அம்மா இன்னும் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்ப்பார்.

2025 மார்ச் 30

இன்று விடியற்காலை தனுஷ்கோடி. ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கப் பிள்ளைகள் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வந்தது பங்குனி ஆமை. பங்குனியில் கரையேறுவதால் அந்தப் பெயர், இன்று பங்குனி 16. முட்டையிட்டு முடித்ததும் தாய் கடலுக்குப் போய்விடும், குஞ்சைப் பார்க்கவே பார்க்காது. ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். நரியும் நாயும் தோண்டிவிடுகின்றன என்பதால் வனத்துறைக் காவலர்கள் இரவில் நடந்து குழிகளைக் கண்டுபிடித்து, முட்டைகளை வேலி போட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஏறக்குறைய ஐம்பது நாளில் பொரிக்கும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இதைக் கேட்டதும் சின்னவன் மணலைத் தொட்டுப் பார்த்து, "இன்றைக்கு எல்லாம் அக்காதான்" என்று அறிவித்தான்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. குழியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று மகள் காவலரைக் கேட்டாள். தாய் இழுத்துப்போன தடத்தைப் பார்த்து, ஒரு குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்ப்போம் என்று அவர் தொடங்கினார். அம்மா குடையின் நுனியை மணலில் ஊன்றினார். "இங்கே இறுக்கம். இங்கே இறுக்கம். குழி இருந்தால் குச்சி சோற்றில் இறங்குவதுபோல இறங்கும். அதற்கு மேல் அழுத்தக் கூடாது, முட்டை உடையும்." காவலர் சிரித்துவிட்டார். "நாங்கள் செய்வது அப்படியே இதுதான் ஆத்தா. யார் சொல்லிக்கொடுத்தது?" அம்மா பதில் சொல்லவில்லை. முட்டை எடுத்துத் தின்ற காலத்தில் கற்றது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது மகளுக்கும் தெரியும். இந்த முறை நான் குறுக்கே பேசவில்லை.

கூடையைக் கவிழ்த்ததும் குஞ்சுகள் வெளிச்சம் தெரிந்த பக்கமாக ஓடின. ஒன்று மட்டும் திரும்பி எங்களை நோக்கி வந்தது. யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா எழுந்து, தன் நிழல் அதன்மேல் விழும்படி நின்றார். அது திரும்பிக் கடலுக்குப் போனது.

2025 ஏப்ரல் 17

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் 61 நாள் கரையில். புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. மீன் விலையைப் பற்றி எழுதினால் அழுகைதான் வரும், விட்டுவிடுகிறேன்.

முதல் கேள்வியில் விலங்குப் பூங்கா உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்று எழுதினேன். இன்று அம்மா அதைத் திருத்தினார். ஒரு காலத்தில் இருந்தது. 1960களில் மண்டபத்திலிருந்த கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆவுளியாவைத் தொட்டியில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். சிறுமியாக இருந்தபோது அம்மா தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறார். "எப்படி இருந்தது?" என்றான் சின்னவன். "சுற்றிச் சுற்றி வந்தது. சுவர் வந்ததும் திரும்பியது. கடலில் அது திரும்பி நான் பார்த்ததில்லை, நேராகப் போய்க்கொண்டே இருக்கும்."

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. அங்கே சுவர் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். வலை இருக்கிறதே என்றார். வலையில் சிக்கியதை வலையை அறுத்து விட்டுவிடும் மீனவர்களுக்கு இப்போது அரசு பணம் தருகிறது என்றேன். "அது நல்லது. வலை விலை தெரிந்தவன்தான் அதைச் செய்திருக்கிறான்" என்றார்.

2025 ஜூன் 7

நாங்கள் பூநாரை எண்ணிய காயல் சரணாலயமாகிவிட்டது. சுற்றுச்சூழல் நாளன்று தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. சின்னவன் உடனே போக வேண்டும் என்றான். இப்போது பறவை இருக்காது, வலசை வந்தவை திரும்பிவிட்டன, குஜராத்தின் கட்ச் உப்புச் சமவெளியில்தான் கூடு கட்டும் என்றேன். "அப்படியென்றால் அது அங்கே உள்ள பறவையா, நம் பறவையா?" என்று கேட்டான். இரண்டு ஊரிலும் வீடு உள்ள பறவை என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அது திருப்தியாக இல்லை.

2025 ஜூன் 8

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். ஜனவரியில் பயணம் தள்ளிப்போய்விட்டதாம், அடுத்த வாரம் வரலாமா என்கிறார். வேண்டாம். இப்போது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கத்தை, சீறும் கடல் என்பதால், ஆண் கடல் என்போம், ஆடியும் ஆவணியும் கழியும்வரை தீவுப் பக்கம் அலை எழும்பிக்கொண்டே இருக்கும். படகு விட்டாலும் மாமியாருக்கு உதவாது.

வந்தே தீர வேண்டும் என்றால் வடக்கே, பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் அமைதியான பாக் விரிகுடாப் பக்கம் போங்கள். தேவிபட்டினம், உப்பூர் தாண்டிக் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். அலையாத்தி இலையின் அடிப்பக்கத்தை மகளை நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றும் மரம் அது. சேற்றுக்கு மேலே பென்சில் நட்டதுபோல நிற்பவை அதன் மூச்சு வேர்கள்.

குருசடைக்கு வருவதென்றால் தை, மாசியில் காலைப் படகுக்கு வாருங்கள். துறையில் படகுக்கும் படிக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இருந்தது, முழங்கால் வலிக்காரர்களை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். தீவில் நிழல் குறைவு. ஒரு சின்ன முக்காலியும் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் எந்த ஊரில் பிறந்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. கடற்கரை ஊராக இருந்தால் படகில் அவரை வழிகாட்டிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.